கணக்குக் கேட்ட டாக்டர்

1922-ம் வருஷம் கனடா நாட்டின் தலைநகரமான ஒட்டாவாவில் ஒரு சிறு பிரசுரம் அச்சாகி வெளிவந்தது. பக்கங்கள் அதிகமில்லை. விலை 35 சென்ட். ஒரு தேசியக் குற்றத்தின் கதை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். தலைப்பைப் பார்த்தவர்கள் யாரோ ஒரு கலகக்காரர் எழுதியது என்றுதான் நினைத்திருப்பார்கள். எழுதியவரோ எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு டாக்டர். பதினேழு வருஷம் மத்திய சர்க்காரில் தலைமை வைத்திய அதிகாரியாக இருந்து, முந்தின வருஷம்தான் வேலையிலிருந்து அனுப்பப்பட்டவர். பெயர் பீட்டர் ஹெண்டர்சன் பிரைஸ்.

அவர் குற்றம் என்று சொன்னது கொலையோ கொள்ளையோ அல்ல, பள்ளிக்கூடம். படிக்கப் போன பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள் என்பதும், அது சர்க்காருக்குத் தெரிந்தே நடந்தது என்பதும்தான் அந்தப் புத்தகத்தின் விஷயம்.

பிரைஸ் 1853-ம் வருஷம் ஆகஸ்டு 17-ந் தேதி ஒன்டாரியோ மாகாணத்தில் மௌன்ட் பிளசன்ட் என்ற கிராமத்தில் பிறந்தார். ஸ்காட்லாந்து வம்சம், தெய்வபக்தியும் படிப்புமாக இருந்த குடும்பம். அண்ணன் ஜார்ஜ் பிரைஸ், பிரெஸ்பிட்டீரியன் சபையின் பெயர் பெற்ற பாதிரியார். வின்னிபெக் நகரில் மனிடோபா கல்லூரியை நிறுவியவர். இந்த அண்ணனை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தம்பி கேட்கப் போகும் கணக்கில் அந்தச் சபையின் பள்ளிக்கூடமும் வரும்.

மௌன்ட் பிளசன்டிலிருந்து சில மைல் தூரத்தில் பிரான்ட்ஃபோர்டு என்ற ஊர். அங்கே மோஹாக் குலத்துப் பிள்ளைகளை விடுதியில் வைத்துப் படிப்பிக்கும் பள்ளி ஒன்று, பிரைஸ் பிறப்பதற்கு இருபது வருஷம் முன்பிருந்தே நடந்துகொண்டிருந்தது. இந்த மாதிரிப் பள்ளிகளில் மிகப் பழமையானது அதுதான். சிறு வயதில் அவர் அதைப் பற்றி என்ன நினைத்தாரோ, நமக்குத் தெரிய வழியில்லை.

டொரான்டோ சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, வைத்தியமும் படித்து, எடின்பரோவிலும் பாரிஸிலும் மேற்படிப்பு முடித்துத் திரும்பிய பிரைஸுக்கு 1882-ல் நல்ல உத்தியோகம் கிடைத்தது. ஒன்டாரியோ மாகாண சுகாதார போர்டின் முதல் காரியதரிசி. அதே 1882-ல்தான் ஜெர்மனியில் ராபர்ட் காக் என்ற விஞ்ஞானி க்ஷயரோகத்தை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னார். க்ஷயம் பரம்பரை வியாதி அல்ல, விதியும் அல்ல, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது என்று அன்றைக்குத் தெளிவாயிற்று. தொற்றுவது என்றால் தடுக்கவும் முடியும் அல்லவா? பிரைஸின் உத்தியோக வாழ்வு முழுவதும் இந்த ஒரு எண்ணத்தைச் சுற்றியே நடந்தது. குடிதண்ணீர், சாக்கடை, பால், அம்மை குத்துதல் என்று மாகாணத்துக்கு ஒரு சுகாதாரச் சட்டமே உருவாக அவர் பாடுபட்டார். 1900-ல் அமெரிக்கப் பொதுச் சுகாதார சங்கத்துக்குத் தலைவரானார். 1904-ல் மத்திய சர்க்கார் அவரை அழைத்துக்கொண்டது. குடியேற்றத்துக்கும் இந்தியர் விவகாரத்துக்கும் சேர்த்து அவர்தான் தலைமை வைத்திய அதிகாரி.

இந்தியர் விவகாரம் என்றால் நம்மைப் பற்றியது அல்ல. நம் பாடப் புத்தகங்களில் செவ்விந்தியர் என்று படித்தோமே, அந்த மண்ணின் ஆதிகுடிகள். கிரீ, பிளாக்ஃபுட், மோஹாக், சலிஷ் என்று நூற்றுக்கணக்கான குலங்கள்; ஒவ்வொன்றுக்கும் தனிப் பாஷை, தனி வழக்கம். சமவெளியில் அவர்கள் உயிர் வாழ்ந்ததே காட்டெருமையை நம்பி. வெள்ளைக்காரர் வந்த பிறகு எருமைக் கூட்டம் அழிந்தது. பஞ்சம் வந்தது. உடன்படிக்கையில் கையெழுத்திட்டுவிட்டு, ஒதுக்கிக் கொடுத்த நிலத்துக்குள் அடங்கி இருக்கவேண்டி வந்தது. அந்த உடன்படிக்கைகளில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்துத் தருவதாகச் சர்க்கார் வாக்குக் கொடுத்திருந்தது. பெரியவர்களும் அதை விரும்பித்தான் கேட்டார்கள்.

கிடைத்தது வேறு. 1879-ல் நிக்கலஸ் டேவின் என்பவரை அமெரிக்காவுக்கு அனுப்பி, அங்கே இந்தியப் பிள்ளைகளை எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்று பார்த்து வரச் சொன்னார்கள். வீட்டிலிருந்து பிள்ளையைப் பிரித்துத் தூரத்தில் வைத்தால்தான் தாய் தகப்பனின் வழக்கம் ஒட்டாது என்பது அங்கே நடந்த முறை. அதையே இங்கும் செய்யலாம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். 1883 முதல் மேற்குச் சமவெளியில் இப்படிப்பட்ட பள்ளிகள் கிளம்பின. பணம் கொடுப்பது சர்க்கார்; நடத்துவது கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டீரியன் சபைகள். வந்த அன்றே பிள்ளையின் நீண்ட கூந்தலை வெட்டுவார்கள். உடுப்பை மாற்றுவார்கள். வேறு பெயர் வைப்பார்கள். தாய்ப்பாஷையில் பேசினால் தண்டனை. பாதி நாள் படிப்பு, பாதி நாள் வயலிலும் சமையற்கட்டிலும் வேலை.

தலைக்கு இத்தனை டாலர்

பள்ளிக்குச் சர்க்கார் கொடுத்த பணம் தலைக்கணக்கு. எத்தனை பிள்ளைகளோ அத்தனை பங்கு. இதிலேதான் வினை இருந்தது. பணம் போதாமல் தத்தளித்த விடுதித் தலைவர்கள் எண்ணிக்கையைக் கூட்டப் பார்த்தார்கள். இருமிக்கொண்டு வந்த பிள்ளையையும் சேர்த்துக்கொண்டார்கள். இருபது பேர் படுக்கவேண்டிய அறையில் அதற்கு மேலும் படுக்க வைத்தார்கள். குளிர்காலத்தில் கரியும் விறகும் மிச்சம் பிடிக்க ஜன்னல்களை இரட்டைக் கண்ணாடி போட்டு இறுக்க மூடிவிட்டார்கள். மாதக்கணக்கில் வெளிக்காற்று உள்ளே வராது. ஒரு பிள்ளை இருமினால் அறை முழுவதும் அந்த மூச்சைத்தான் சுவாசிக்க வேண்டும். க்ஷயக் கிருமிக்கு இதைவிட வசதியான வீடு வேண்டுமா?

வெள்ளைக்காரருக்கு க்ஷயம் வந்தால் என்ன செய்வதென்று அந்தக் காலத்துக் கனடாவுக்குத் தெரியாமல் இல்லை. நல்ல காற்று, வெயில், பால், ஓய்வு. இதற்கென்றே ஒன்டாரியோவில் மஸ்கோகா ஏரிப் பக்கத்தில் 1897-லேயே சானடோரியம் கட்டியிருந்தார்கள்.

1907-ல் பிரைஸ் புறப்பட்டு மனிடோபாவிலும் வடமேற்கிலும் 35 பள்ளிகளைப் பார்த்தார். விடுதிகளுக்குள் நுழைந்ததுமே காற்றைத்தான் முதலில் கவனித்தார். ஆனால் அவர் செய்த பெரிய காரியம் பார்த்தது அல்ல, கேட்டது. அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும்.

பள்ளிப் பதிவேட்டைப் பார்த்தால் சாவு அவ்வளவாகத் தெரியாது. நோய் முற்றிய பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஏட்டில் விலகினான் என்று ஒரு வரி. அந்தப் பிள்ளை தாயின் மடியில் பத்து நாளில் கண்ணை மூடினாலும் அது பள்ளியின் கணக்கில் வராது. பிரைஸ் இந்தத் தந்திரத்தைப் புரிந்துகொண்டார். தந்திரம் என்று சொல்வதுகூடச் சரியில்லை. பல இடங்களில் அது வெறும் அலட்சியம்தான். அவர் ஒவ்வொரு பள்ளித் தலைவருக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். பள்ளி திறந்த நாளிலிருந்து சேர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்? சேரும்போது உடம்பு எப்படி? போனவர்கள் இப்போது எங்கே, எப்படி இருக்கிறார்கள்? இவ்வளவுதான் கேள்வி. ஒரு குடியானவன்கூடத் தன் மாடு கன்றுக்கு இந்தக் கணக்கு வைத்திருப்பான்.

35 பேரில் 15 பேர்தான் பதில் அனுப்பினார்கள். அந்த 15 பள்ளிகளும் சராசரியாகப் பதினாலு வருஷம் நடந்திருந்தன. மொத்தம் 1,537 பிள்ளைகள். அவர்களில் நூற்றுக்கு 24 பேர் இறந்துவிட்டார்கள். அதாவது ஏறக்குறைய 370 பிள்ளைகள். இன்னும் நூற்றுக்கு 7 பேர் நோயாளிகள். ஒரே ஒரு பள்ளி மட்டும் துல்லியமான கணக்கை அனுப்பியிருந்தது. ஸஸ்காச்சுவான் பகுதியில் ஃபைல் ஹில்ஸ் என்ற இடத்தில் இருந்தது அது. அங்கே படித்துவிட்டுப் போன பிள்ளைகளில் நூற்றுக்கு 69 பேர் உயிரோடு இல்லை. எங்கே பார்த்தாலும் காரணம் ஒன்றுதான்: க்ஷயம்.

ஃபைல் ஹில்ஸ் பள்ளியை நடத்தியது பிரெஸ்பிட்டீரியன் சபை. அண்ணன் பாதிரியாராக இருந்த சபை. தம்பி அந்த எண்ணை மறைக்கவுமில்லை, குறைக்கவுமில்லை.

அறிக்கை அச்சாயிற்று. பார்லிமெண்டு மெம்பர்களுக்கும் சபைத் தலைவர்களுக்கும் போயிற்று. 1907 நவம்பர் 15-ந் தேதி ஒட்டாவாவின் மாலைப் பத்திரிகை அதைப் பெரிய தலைப்புப் போட்டு வெளியிட்டது. ஜனங்கள் படித்தார்கள், வருத்தப்பட்டார்கள். சாமுவேல் பிளேக் என்ற பிரபல வக்கீல், தெரிந்த காரணத்தை நீக்காமல் இருந்தால் அது கொலைக்குக் கிட்டத்தட்டச் சமானம் என்ற அர்த்தத்தில் எழுதினார். இவரும் தேவாலயக் காரியங்களில் முன்னின்றவர்தான். ஆகவே விஷயம் யாருக்கும் தெரியாமல் போயிற்று என்று பின்னால் எவரும் சொல்வதற்கில்லை.

ஆனால் அறிக்கையோடு பிரைஸ் எழுதிய சிபார்சுகளை இலாகா அச்சிடவே இல்லை. வியாதி இன்னது என்று வெளியே வந்தது; மருந்து பெட்டிக்குள் போயிற்று. அவர் கேட்டது என்ன? பள்ளிகள் பிள்ளைகளின் ஊருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உடன்படிக்கையில் வாக்குக் கொடுத்தது சர்க்கார்தான், ஆகவே நிர்வாகத்தையும் செலவையும் சர்க்காரே முழுவதும் ஏற்க வேண்டும். இவைதான் முக்கியமானவை.

1909-ல் மறுபடியும் முயன்றார். கால்கரி ஊர் டாக்டர் லாஃபர்ட்டியோடு சேர்ந்து ஆல்பர்ட்டா பள்ளிகளில் 243 பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சோதித்தார். எல்லா வயதிலும் க்ஷயம். பள்ளிகளைச் சானடோரியம் மாதிரி நடத்துங்கள், ஜன்னலைத் திறவுங்கள், நல்ல பாலும் நர்சும் கொடுங்கள் என்று எழுதினார்.

கவிஞரின் கையெழுத்து

இந்தக் காகிதங்களெல்லாம் போய்ச் சேர்ந்த மேஜை டங்கன் கேம்ப்பெல் ஸ்காட் என்பவருடையது. பதினேழு வயதில் குமாஸ்தாவாகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். அவர் ஒரு கவிஞர். சாமானியக் கவிஞர் அல்ல. கனடா இலக்கியத்தில் அவருக்கு உயர்ந்த இடம் கொடுத்திருக்கிறார்கள். பியானோ வாசிப்பார். அவருடைய கவிதைகளில் ஆதிகுடி மக்களே பாத்திரங்களாக வருவதுண்டு. அவருக்கு ஒரே மகள். பாரிஸில் ஒரு பள்ளியில் விட்டிருந்தபோது, சுமார் பன்னிரண்டு வயதில், நோயில் இறந்துபோனாள். அது நடந்ததும் இந்த 1907-ம் வருஷத்தில்தான். பள்ளிக்கு அனுப்பிய பிள்ளை திரும்பி வராத துக்கம் இன்னதென்று அந்த இலாகாவில் அவரைவிட நன்றாக அறிந்தவர் யார் இருந்திருக்க முடியும்? இதை எழுதும்போது நமக்கு விளங்காமல் நிற்பது இந்த இடம்தான்.

செலவு அதிகம், சபைகள் ஒப்பாது என்று ஸ்காட் பிரைஸின் யோசனையைத் தள்ளினார். பிள்ளைகள் தங்கள் கிராமத்தில் சாவதைவிடப் பள்ளியில் அதிகமாகச் சாகிறார்கள் என்பதை 1910-ல் அவரே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்காக இலாகாவின் கொள்கையை மாற்ற முடியாது என்றும் எழுதினார். அந்த வருஷம் சபைகளோடு புதிய ஒப்பந்தம் செய்து, தலைக்கணக்குத் தொகையைக் கொஞ்சம் உயர்த்தி, காற்றோட்டத்துக்குச் சில விதிகளையும் வைத்தார்கள். முதல் மகாயுத்தம் வந்து விலைவாசி ஏறியதும் அந்த உயர்வும் கரைந்துபோயிற்று. 1913-ல் ஸ்காட் இலாகாவின் தலைமை அதிகாரியானார். அதன் பிறகு பிரைஸின் வைத்திய அறிக்கைகள் இலாகாவுக்குத் தேவைப்படவில்லை. அவர் குடியேற்ற வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். 1914-ல் வெளிவந்த ஒரு சரித்திரத் தொகுதியில், இந்தப் பள்ளிகளில் படித்தவர்களில் பாதிப் பேர் படிப்பின் பயனை அனுபவிக்க உயிரோடு இல்லை என்று ஸ்காட்டே எழுதியிருக்கிறார். பிரைஸின் எண் பொய் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை.

அதற்குப் பின் 1920-ல் சட்டத்தைத் திருத்தி, ஏழு வயது முதல் பதினைந்து வயது வரை ஆதிகுடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தே ஆகவேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்பதையும் இலாகாவே தீர்மானிக்கும். பெற்றோர் மறுத்தால் தண்டனை. பிள்ளைகளைக் காட்டில் ஒளித்து வைத்த தாய்மார்கள் உண்டு. போலீஸ் வந்து பிடித்துப்போனதும் உண்டு.

பிரைஸ் சர்க்கார் ஊழியர். வெளியே பேச முடியாது. 1919-ல் மத்திய சுகாதார இலாகா புதிதாக ஏற்பட்டது. அதற்குத் தலைமை அதிகாரியாகத் தம்மைப் போடுவார்கள் என்று எதிர்பார்த்தார். அனுபவத்தைப் பார்த்தால் எதிர்பார்த்தது நியாயம்தான். வேறொருவரைப் போட்டார்கள். 1921-ல் அவர் விருப்பத்துக்கு மாறாக ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 1922-ல் அந்த 35 சென்ட் புத்தகம் வந்தது.

அதில் அச்சேறாத சிபார்சுகளைச் சொன்னார். ஸ்காட்டின் பெயரையும் சொன்னார். எண்களையும் அடுக்கினார். ஒட்டாவா நகரத்தின் ஜனத்தொகையும் கனடா முழுவதிலும் உள்ள ஆதிகுடிகளின் ஜனத்தொகையும் அப்போது ஏறக்குறைய ஒன்றே. அந்த ஒரு நகரம் 1919-ல் தன் க்ஷய நோயாளிகளுக்கு மட்டும் 33 ஆயிரம் டாலருக்கு மேல் செலவழித்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் சிதறிக் கிடந்த ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஆதிகுடிகளின் க்ஷயத்துக்கு நாடு ஒதுக்கியது 10 ஆயிரம் டாலர்.

பிரைஸை மகாத்மா ஆக்கிவிட வேண்டாம். புத்தகத்தில் தமக்கு உத்தியோகம் கிடைக்காத குறையையும் அவர் விரிவாகவே எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியைப் படிக்கும்போது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பதே தப்பு என்று அவர் சொல்லவில்லை. ஆதிகுடிகள் வெள்ளைக்காரரைப் போல் மாறவேண்டும் என்ற அந்தக் காலத்து எண்ணம் அவருக்கும் இருந்தது. பிள்ளைகளை நோயில் சாகவிட்டதுதான் அவர் கண்ட குற்றம். கூந்தலை வெட்டியதையும் பாஷையைப் பறித்ததையும் குற்றமாக அவர் எண்ணியதாகத் தெரியவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் தகப்பன்மாரும் குலத் தலைவர்களும் அவருக்கு முன்பும் பின்பும் இதையெல்லாம் முறையிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். ஒரு டாக்டரின் அறிக்கைக்கே இடமில்லாத இலாகாவில் அவர்களுடைய மனுவுக்கு எங்கே இடம்?

புத்தகம் வந்த சில நாள் பேச்சு எழுந்தது. பிறகு அடங்கிப்போயிற்று. 1932 ஜனவரி 15-ந் தேதி, மேற்கிந்தியத் தீவுகளின் பக்கம் பிரயாணத்தில் இருந்தபோது பிரைஸ் காலமானார். வயது 78. அதே 1932-ல்தான் ஸ்காட் கௌரவமாக ஓய்வு பெற்றார். 1947-ல் அவர் இறந்தபோது கனடா ஒரு பெரிய கவிஞரை இழந்ததாகவே எழுதினார்கள். பிரைஸின் பெயர் வைத்தியச் சரித்திரப் புத்தகங்களின் மூலையில் கிடந்தது.

பள்ளிகள் மூடவில்லை. கடைசிப் பள்ளி மூடியது 1990-களின் பிற்பகுதியில்தான் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். சுமார் 1,50,000 பிள்ளைகள் அவற்றில் போய் வந்தார்கள். போய் வராதவர்களும் உண்டு. 2008 ஜூன் 11-ந் தேதி பிரதம மந்திரி ஸ்டீபன் ஹார்ப்பர் பார்லிமெண்டில் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். உண்மை மற்றும் சமரசக் கமிஷன் ஒன்று, ஆதிகுடியில் பிறந்த நீதிபதி மரே சின்க்ளேர் தலைமையில், நாடெங்கும் சென்று முன்னாள் மாணவர்களிடம் சாட்சியம் கேட்டது. அறுபது, எழுபது வயதுக் கிழவர்கள் எழுந்து நின்று, ஆறு வயதில் நடந்ததைச் சொல்லும்போது தேம்பினார்கள். 2015-ல் கமிஷன் 94 வேண்டுகோள்களைக் கொடுத்தது. இறந்த பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றையும் தொகுக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அதில் நாலாயிரத்துக்கு மேல் பெயர்கள் இருக்கின்றன, இன்னும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. பெயரே தெரியாமல் ஏட்டில் ஒரு கோடாக மட்டும் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. கமிஷன் தோண்டி எடுத்த பழைய காகிதங்களில் பிரைஸின் 1907 அறிக்கைக்கு முக்கிய இடம் கிடைத்தது. யாரும் கேட்காத நாளில் எண்ணி வைத்தவர் அவர் ஒருவர்தானே.

1973-ல் ஃபிலிஸ் வெப்ஸ்டாட் என்ற ஆறு வயதுச் சிறுமி, பாட்டி வாங்கிக் கொடுத்த ஆரஞ்சு நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு வில்லியம்ஸ் லேக் ஊருக்குப் பக்கத்தில் உள்ள பள்ளிக்குப் போனாள். போன அன்றே சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள், திருப்பித் தரவேயில்லை. நாற்பது வருஷம் கழித்து, 2013-ல், அந்த அம்மாள் இந்தக் கதையைச் சொன்னார். அது முதல் செப்டம்பர் 30-ந் தேதி கனடாவில் ஆரஞ்சுச் சட்டை நாள். பள்ளிகள் திறந்து பிள்ளைகளைக் கூட்டிப்போகும் மாதம் செப்டம்பர் என்பதால் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 2021 முதல் அந்தத் தேதி உண்மைக்கும் சமரசத்துக்குமான தேசிய நாளாகவும் ஆகிவிட்டது.

ஒட்டாவாவில் பீச்வுட் என்ற பெரிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பிரைஸின் சமாதி அங்கேதான். ஸ்காட்டின் சமாதியும் அங்கேதான். 2015-ல் பிரைஸுக்கு ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். அதே வருஷம் ஸ்காட்டின் பலகையையும் மாற்றினார்கள். முன்பு கவிஞர் என்று மட்டும் இருந்தது. இப்போது அந்தப் பள்ளிகளில் அவருடைய பங்கும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை உபாத்தியாயர்கள் அங்கே அழைத்து வருகிறார்கள். இரண்டு சமாதிக்கும் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள்.